எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு மறுபடி சாப்பிடப் பழகுதல்: குமரி அடுக்களைக்கான கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்து இந்த அறுவைக்குக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் உண்டு. நாகர்கோவிலிலோ மதுரையிலோ செய்துகொள்கிறவர்களும் உண்டு. எங்கே செய்தாலும் வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் அடுக்களையில் கிளம்பும் கேள்விகள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு வகை அறுவைக்கும் பொது. வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். உள்ளே எப்படித் தைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வயிற்றுக்குள் இப்போது என்ன மாறியிருக்கிறது?

ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) மாதிரி நீண்ட ஒரு குழாய். 100 முதல் 150 மில்லி கொள்ளும். பைபாஸில் உணவுக்குழாய்க்குக் கீழே சுமார் 30 மில்லி அளவில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது.

இதில் நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது, முதல் சில வாரம் தையல் இடம் வீங்கியிருப்பதால் சொன்ன அளவுகூடக் கொள்ளாது. இரண்டாவது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் உருவாவது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. அதனால் பல மாதம் பசி தெரியாது. "பசிச்சா சாப்பிடுறேன்" என்று இருந்தால் பொழுது சாய்ந்த பிறகும் ஒன்றும் உள்ளே போயிருக்காது. போனில் அலாரம் வைத்துச் சாப்பிட வேண்டிய காலம் இது.

எந்த வாரம் எதைச் சாப்பிடலாம்?

பெரும்பாலான இடங்களில் சொல்லும் வரிசை இது. முதல் ஒன்றிரண்டு நாள் தெளிந்த நீர் மட்டும்: தண்ணீர், வடிகட்டிய சூப்பு, சீனியும் பாலும் போடாத வெளிர் கட்டன் சாயா. அடுத்து 14ஆம் நாள் வரை பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கரைத்தது. 3, 4ஆம் வாரம் மிக்சியில் அடித்த கூழ். 5, 6ஆம் வாரம் விரலால் நசுங்கும் மென்மையான சாப்பாடு. 7 அல்லது 8ஆம் வாரத்திலிருந்து வீட்டுச் சாப்பாடு, சின்ன அளவில்.

தவறு நடப்பது பெரும்பாலும் பத்தாம் நாளை ஒட்டி. அப்போது வலி இருக்காது, நடக்க முடியும், வாய் மட்டும் நமநமவென்று இருக்கும். ஒரு இட்லிதானே என்று கை போகும். தையல் ஆறிக்கொண்டிருக்கும் குழாயில் திடமான துண்டு ஒன்று இறங்கினால் உள்ளே அழுத்தம் கூடும், குமட்டும், வாந்தி அந்தத் தையலையே இழுக்கும். அந்த இட்லி ஐந்தாம் வாரம் வரை காத்திருக்கட்டும்.

கூழ் கூழாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். மணல் மாதிரியோ நார் மாதிரியோ ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் ஒரு சுற்று அரைக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலே கஞ்சிதான். கஞ்சி கொடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் அதிகம் பேசவேண்டியது இதைப் பற்றித்தான். சம்பா அரிசிக் கஞ்சி தொண்டையில் சுகமாக இறங்கும், வாந்தி வராது, பாட்டிமாருக்கும் திருப்தி. ஆனால் 150 மில்லி நீர்த்த கஞ்சியில் இருக்கிற அரிசி 20 கிராமை ஒட்டித்தான். அதில் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. ஒரு நாளில் மொத்தமே ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் அரைக் கிளாஸ் என்று எண்ணி எண்ணிச் சாப்பிடுகிறவருக்கு அதில் மூன்று முறையைக் கஞ்சி பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு இடமே இல்லை. உடம்பு அப்போது தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். எடை குறைகிறதே என்று வீட்டில் மகிழ்ச்சி, ஆனால் குறைவதில் ஒரு பங்கு தசை. மாடிப்படி ஏற முடியவில்லை, கை தளர்கிறது என்ற புகார்கள் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கஞ்சியை விடமுடியாது என்றால் அதன் உள்ளடக்கத்தை மாற்றுங்கள். சிறுபயற்றம்பருப்பு 30 கிராம் எடுத்து வாசம் வரும்வரை வறுத்து, 400 மில்லி தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில். மத்தால் கடைந்து, முதல் இரண்டு வாரமானால் வடிகட்டி, ஒரு சிட்டிகை சீரகப்பொடியும் உப்பும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு கொழுப்பு நீக்கிய பால்பொடி இரண்டு மேசைக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்கிறபோது பொடியைக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். மொத்தத்தில் 12 கிராமை ஒட்டிப் புரதம் கிடைக்கும். வடிகட்டினால் கொஞ்சம் குறையும். இரண்டு தடவையாகக் குடிக்கலாம்.

6ஆம் வாரத்துக்குப் பிறகு நம் ஊர்ப் பழைய ஜோடியான கஞ்சியும் பயறும் மறுபடி வரலாம், ஆனால் வரிசை மாறவேண்டும். பயறு முதலில், கஞ்சியில் ஊறிய பருக்கை பிறகு, அதுவும் இடமிருந்தால் இரண்டு கரண்டி. கஞ்சித் தண்ணீர் அந்த வேளையில் வேண்டாம்.

புரதம் ஒரு நாளைக்கு எவ்வளவு? அதை எப்படிச் சேர்ப்பது?

குறைந்தது 60 கிராம். உடல்வாகைப் பொறுத்து 80 வரை சொல்வார்கள். 3, 4ஆம் வாரத்தில் ஒரு நாள் இப்படி அமையலாம்:

காலை 7 மணிக்கு 150 மில்லி பாலில் பால்பொடி இரண்டு மேசைக்கரண்டி, 10 கிராம். 9 மணிக்கு மென்மையாக வேகவைத்து மசித்த முட்டை ஒன்று, 6 கிராம். 11 மணிக்குப் புரதப் பொடி அரை ஸ்கூப், 12 கிராம் (டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). மதியம் 1 மணிக்கு முள் எடுத்து மசித்த மீன் 50 கிராம், 9 கிராம். 4 மணிக்குத் துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 60 கிராம், 4 கிராம். 6 மணிக்குக் கடைந்த சிறுபயறு 60 கிராம், 4 கிராம். இரவு 8 மணிக்கு உதிர்த்த பனீர் 40 கிராம், 7 கிராம். படுக்கும் முன் 150 மில்லி பால், 5 கிராம். கூட்டினால் 57.

எட்டு வேளை சாப்பிட்டும் 57தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். புரதப் பொடி எதற்கு, அது ஜிம் பையன்களுக்குத்தானே என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கூட்டல்தான் பதில். சைவக்காரர்கள் மீனுக்கும் முட்டைக்கும் பதில் பனீர், சோயா, இன்னொரு அரை ஸ்கூப் பொடி என்று ஈடுகட்ட வேண்டும். பருப்பை மட்டும் நம்பினால் அளவு கொள்ளாது.

பால் குடித்ததும் வயிறு பொருமி வயிற்றுப்போக்கு வந்தால், அறுவைக்குப் பிறகு பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். சில வாரம் பாலை நிறுத்தித் தயிர், மோர், ஐசோலேட் வகைப் புரதப் பொடிக்கு (பால்சர்க்கரை பெரும்பாலும் நீக்கியது) மாறிப் பாருங்கள்.

மீன் எப்போது கொடுக்கலாம்? எந்த மீன்?

கூழ் கட்டத்திலேயே, அதாவது 3ஆம் வாரத்தில் தொடங்கலாம். இந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வசதி. கோழி நாராகத் தொண்டையில் நிற்கும், மீன் பூவாக உதிரும். பாறை, வெளமீன் மாதிரி வெள்ளைச் சதை மீன் முதலில். சாளையும் அயலையும் சத்தில் குறைந்தவை அல்ல, ஆனால் சாளையின் நுண்முள்ளைக் கையால் எடுத்துத் தீர்க்கமுடியாது. அது மென்று சாப்பிடும் கட்டம் வரட்டும். சூரை வெந்தால் கட்டியாகிக் காய்ந்துவிடும். அடைப்பு வருகிற மீன்களில் அது முன்வரிசை.

சமைக்கும் முறை: 60 கிராம் துண்டை மஞ்சள், உப்பு, ஒரு ஈர்க்கு கறிவேப்பிலையோடு ஆவியில் எட்டு நிமிடம். சதையை விரலால் உதிர்த்து முள் பார்த்து, வெந்த தண்ணீரோ தேங்காய் அரைத்த குழம்பின் தெளிந்த சாறோ மூன்று டீஸ்பூன் சேர்த்து முள்கரண்டியால் மசியுங்கள். சாறு இல்லாமல் கொடுத்தால் வாயில் மரத்தூள் மாதிரி உருண்டு, இறங்காமல் நிற்கும். அந்தச் சாறுக்கு மிளகாய்த்தூளும் கொடம்புளியும் முதல் இரண்டு மாதம் பேருக்குத்தான். வீட்டுக் குழம்பிலிருந்து எடுப்பதானால் மிளகாய் சேர்க்கும் முன்பே ஒரு கரண்டி தனியாக எடுத்துவிடுங்கள். வறுத்த மீனின் மொறுமொறுப்பான தோல் மூன்று மாதம் ஆகட்டும்.

ஒரு வேளையை எப்படிச் சாப்பிடவேண்டும்? மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?

பெரிய தட்டை எடுக்காதீர்கள். சாயா குடிக்கும் சாசரில் நான்கு மேசைக்கரண்டி சாப்பாடு போதும். கூழ் கட்டத்தில் அதுவே அதிகம். கையால் பிசைந்து உருட்டுகிற பழக்கத்தைக் கொஞ்ச காலம் ஒதுக்கி, குழந்தைக்குச் சோறு ஊட்டும் சின்ன ஸ்பூனை எடுங்கள். கை தன் பழைய அளவிலேயே உருண்டை பிடிக்கும், அதற்கு அறுவை நடந்தது தெரியாது.

அரை ஸ்பூன் வாயில். 20, 25 தடவை மெல்லுங்கள். விழுங்குங்கள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு அடுத்தது. இப்படி 20 முதல் 30 நிமிடம். அரை மணிக்கு மேல் இழுத்தால் முன்னே போனது கீழே இறங்கி, மறுபடி இடம் கிடைத்து, அளவு தெரியாமல் கூடிப்போகும், அதுவும் கூடாது.

வயிறு நிறைந்ததற்கு அடையாளம் இப்போது பழைய மாதிரி இராது. நெஞ்சுக்குழியில் லேசான அழுத்தம், திடீர் விக்கல், ஒரு தும்மல், மூக்கில் நீர். ஆளுக்கு ஒன்று. உங்களுக்கு எது என்று முதல் மாதத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அது வந்ததும் நிறுத்தவேண்டும், சாசரில் ஒரு ஸ்பூன் மிச்சம் இருந்தாலும். மிச்சம் வைத்தால் பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடைசி ஸ்பூன்தான் பெரும்பாலும் வாந்தியாக வருகிறது. தட்டில் குறைவாகப் போடுவதுதான் இதற்கு வழி.

தண்ணீர் எப்படிக் குடிப்பது? சாப்பாட்டோடு ஏன் கூடாது?

சாப்பாட்டோடு குடித்தால் கொஞ்ச இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சாப்பாட்டை அடித்துக்கொண்டு குடலுக்குள் தள்ளிவிடும். முதலாவதில் வாந்தி, இரண்டாவதில் ஒரு மணி நேரத்தில் மறுபடி வெறும் வயிறு. சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள்.

அளவு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது. மடக்கு மடக்காகக் குடிக்கமுடியாது என்பதால் கணக்கு இப்படி: 30 மில்லி அளவுக் கப்பில் கால் மணிக்கு ஒரு கப். மணிக்கு 120 மில்லி, விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் 1,560 மில்லி. ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து போகும். சோடா, கோலா, சோடா ஊற்றிய நாரங்காவெள்ளம் எல்லாம் உப்பிப் பிடிக்கும். இளநீர் நல்லது, ஆனால் ஒரே மூச்சில் ஒரு காய் அல்ல. அக்கானியை (பதநீரை) தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்; 100 மில்லியில் 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும்.

சிறுநீர் தேன் நிறத்துக்கு வந்தால், எழுந்தால் தலை சுற்றினால், தண்ணீர் போதவில்லை.

டிஸ்சார்ஜ் தாள் மலையாளத்தில் இருக்கிறது. சில சொல் குழப்புகிறது.

எல்லைக்காரர்களுக்குப் பேச்சு மலையாளம் புரியும், எழுத்தில் வரும்போதுதான் சறுக்கும். "கஞ்ஞிவெள்ளம்" என்றால் வடித்த தண்ணீர், பருக்கையோடு உள்ள கஞ்சி அல்ல. "முட்டவெள்ள" முட்டையின் வெள்ளைக்கரு. "செறுபயர்" நம் சிறுபயறு. "வன்பயர்" சிவப்புத் தட்டைப்பயறு, தோல் தடித்தது, மூன்றாம் மாதத்துக்கு முன் வேண்டாம். "சம்பாரம்" என்று எழுதியிருந்தால் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட மோர். மிளகாய் இல்லாமல் கலக்குங்கள். சந்தேகம் இருந்தால் தாளைப் படம் எடுத்து அந்த ஆஸ்பத்திரியின் டயட்டீஷியனுக்கே அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

நெஞ்சில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கிறது, வாயில் நுரை நுரையாக எச்சில் வருகிறது. என்ன இது?

பெரிதாகவோ உலர்ந்தோ மெல்லாமலோ போன துண்டு வழியில் நிற்கிறது. அதைத் தள்ள உணவுக்குழாய் எச்சிலையும் சளியையும் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, அதுதான் நுரை. அடிக்கடி மாட்டுவன: குழைந்து ஒட்டும் சோறு, புதுப் பன், சப்பாத்தி, ஒறட்டி, கோழி நெஞ்சுத் துண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், முருங்கைக்காய்ச் சக்கை.

அப்போது தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள். அடைத்த குழாயில் மேலே ஊற்றினால் மேலே வழியத்தான் செய்யும். நிமிர்ந்து நில்லுங்கள், மெதுவாக நடங்கள், எச்சிலைத் துப்புங்கள். பெரும்பாலும் அரை மணியில் இறங்கும் அல்லது வெளியே வரும். அன்று மீதி நாள் நீர் ஆகாரம், மறுநாள் கூழ், பிறகு பழையபடி. எச்சில்கூட இறங்கவில்லை என்று பல மணி நேரம் போனால் ஆஸ்பத்திரி.

இது வாரத்தில் ஒன்றிரண்டு தடவை வந்தால் சாப்பிடும் வேகத்தைப் பாருங்கள். தினமும் வந்தால், முன்பு இறங்கியதும் இப்போது இறங்கவில்லை என்றால், இணைப்பு சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் தெரியும், பல நேரம் பலூன் வைத்து விரித்துவிடுகிறார்கள்.

பாயசம் இரண்டு வாய் குடித்ததும் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றுப்போக்கு. ஏன்?

இதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸ்காரர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வருவதுண்டு. இனிப்புக் கரைசல் நேராகச் சிறுகுடலில் கொட்டுகிறது. அந்த அடர்த்தியை நீர்க்க வைக்க ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. அதனால் படபடப்பு, மயக்கம், வயிற்றைப் பிசைதல். சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்தில் வரும், படுத்துக்கொண்டால் தணியும்.

இன்னொன்று ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை சட்டென்று ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை கீழே விழுகிறது. கை நடுக்கம், குளிர் வியர்வை, கண் இருட்டல், கோபம். பைபாஸ் செய்து ஒரு வருடம் கழிந்தபிறகுகூட இது புதிதாகத் தொடங்கலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரத்தில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். உடனடிக்கு மூன்று டீஸ்பூன் சீனி கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து ஒரு முட்டையோ பனீரோ சாப்பிடவேண்டும். சீனியோடு நிறுத்தினால் அதே சுற்று மறுபடி ஓடும்.

கருப்பட்டி நாட்டு இனிப்பு, ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) மீனும் இல்லாமல் எத்தனை நாள்?

மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கிழங்கில் 38 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராமை ஒட்டி. போதாததற்கு மசித்த மரச்சீனி பசை மாதிரி, சின்னப் பையின் வாசலில் அப்படியே உட்காரும். திரும்பத் தொடங்கும்போது நன்றாக வெந்த கிழங்கு இரண்டு மேசைக்கரண்டி, குழம்பில் குழைத்து, மீனை முழுதாகத் தின்று முடித்த பிறகு. பெரும்பாலோருக்கு அந்த நேரம் இரண்டாவது கரண்டிக்கு இடமிருக்காது.

ஓணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் கூப்பிட்டால்?

போகலாம். வீட்டில் புரதம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் புரதம் என்று பார்த்தால் பருப்பும் கூட்டுகறிக் கடலையும் தவிர அதிகம் இல்லை. அவியலில் வெந்த காய், ஓலன், ஒரு கரண்டி பருப்பு, கொஞ்சம் புளிசேரி. துவரனில் முட்டைக்கோசும் பீன்ஸும் அரைவேக்காடாக இருந்தால் தொடவேண்டாம். பப்படத்தைப் பற்றி யாரும் பயமுறுத்துகிறார்கள் என்றால் கேட்காதீர்கள், அரைப் பப்படம் நொறுங்கிக் கரைந்துவிடும்; ஆனால் அரைதான். அடைப்பிரதமன் என்ற பாயசம் வரும்போது எழுந்து கை கழுவப் போவது நல்ல நேரம்.

பரிமாறுகிறவரிடம் "அல்சர், டாக்டர் சொல்லியிருக்கார்" என்றால் கேள்வி அதோடு நிற்கும். அறுவையைப் பற்றி எல்லாரிடமும் விளக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மாத்திரைகள் ஏன் வாழ்நாள் முழுக்க? எப்போது எதை?

உள்ளே போகும் சாப்பாடு குறைவு. பைபாஸில் சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் முதல் பகுதியும் விலக்கப்பட்டிருக்கிறது. மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, பி12, இரும்பு என்று ஐந்தும் பொதுவாக எழுதுவார்கள்.

கால்சியம் நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம். ஒரு தடவைக்கு 500, 600க்கு மேல் உடம்பு வாங்காது, அதனால் பிரித்துப் போடவேண்டும். சீட்டில் கால்சியம் சிட்ரேட் என்று இருக்கும். மருந்துக் கடையில் "அதேதான்" என்று கார்பனேட்டைக் கொடுத்தால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், அது இப்போது குறைவு.

இரும்பையும் கால்சியத்தையும் குறைந்தது இரண்டு மணி நேரம் பிரியுங்கள், ஒன்று மற்றதைத் தடுக்கும். மல்டிவைட்டமினில் இரும்பு இருந்தால் அதற்கும் இதே விதி. இரும்பு போட்ட பிறகு ஒரு மணி நேரம் சாயா, காப்பி, பால் கிடையாது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம் வரை தேவைப்படும். பி12 மாத்திரையாகவோ, மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசியாகவோ. பித்தப்பைக் கல் வராமலிருக்க முதல் ஆறு மாதம் அர்சோடியாக்சிகோலிக் அமிலமும் கொடுப்பதுண்டு. வேகமாக எடை இறங்கும்போது கல் சேரும் என்பதால்.

சர்க்கரை, பிரஷர், வலி மாத்திரைகள்?

அறுவைக்கு முன்பு போட்ட அளவு அப்படியே தொடரக்கூடாது. இன்சுலினும் கிளிமிப்பிரைடு வகையும் பழைய அளவில் போனால், சாப்பாடு கால் பங்காகிவிட்டதால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். சிறுநீர் பெருக்கும் பிரஷர் மாத்திரை உடம்பை வறட்டும். தினமும் அளந்து குறித்துக் கொண்டுபோய் டாக்டரிடம் குறைக்கச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்காதீர்கள், மாற்று கேளுங்கள்.

முட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடுகிற பழக்கம் பைபாஸுக்குப் பிறகு இணைப்பில் புண் உண்டாக்கும். ரத்தம் கசியும், ஓட்டை விழும். பாராசிட்டமால் போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யவும். பீடி, சிகரெட் அதே புண்ணுக்கு இன்னொரு வழி.

கள்ளு ஒரு கிளாஸ்?

குறைந்தது முதல் ஒரு வருடம் எந்த மதுவும் வேண்டாம். பிறகும் முன்பு இரண்டு கிளாஸில் ஏறியது இப்போது ஒன்றில், அதுவும் சில நிமிடத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனபிறகு குடிக்குள் நழுவுகிறவர்களும் உண்டு.

முடி கொட்டுகிறது.

3ஆம் மாதம் தொடங்கி 6ஆம் மாதம் வரை கொட்டும். உடம்பு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு முடியை ஓய்வுக்கு அனுப்புகிறது. வேர் சாகவில்லை, திரும்ப வளரும். ஒன்பது மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றையும் பாருங்கள். எண்ணெய் மாற்றிப் பலன் இல்லை.

குழந்தை?

12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை இறங்கும்போது கருத்தரிப்பது எளிதாகிவிடும், எதிர்பாராமல் நடக்கும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பவேண்டாம்.

அளவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை. சிலசமயம் ஏறுகிறது.

முதல் சில மாதத்தில் இரண்டு மூன்று வாரம் தராசு நகராமல் நிற்பது எல்லாருக்கும் உண்டு, இடுப்பளவைப் பாருங்கள். ஒரு வருடம் கழித்து ஏறினால் அது வேறு. அப்போது நேந்திரம் சிப்ஸ், அச்சப்பம், முறுக்கு, மிக்சர், பிஸ்கட் பக்கம் பாருங்கள். வாயிலேயே மாவாகக் கரைந்து பைக்குள் நிற்காமல் வழுக்கி இறங்குபவை இவை. மீன் துண்டு ஒன்று அரை மணி நிற்கும் இடத்தில் சிப்ஸ் பொட்டலம் ஒன்று சந்தடியில்லாமல் போய்விடும். டிவி முன்னால் உட்கார்ந்தால் இன்னும் வேகம். முந்திரிக்கொத்தில் சிறுபயறு இருக்கிறதே என்று தொடங்கினால் கூடவே பாகும் எண்ணெயும் வரும்.

ஒரு வாரம் சாப்பிட்ட எல்லாவற்றையும், நக்கிப் பார்த்ததையும் சேர்த்து, நேரத்தோடு எழுதிக் கொண்டுபோனால் டயட்டீஷியன் பத்து நிமிடத்தில் இடத்தைக் காட்டிவிடுவார்.

எதற்கு உடனே ஓடவேண்டும்?

முதல் மாதத்தில்: நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் நிற்காமல் ஓடுதல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் வலி, மூச்சுத்திணறல். தையல் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கலாம்.

எப்போதானாலும்: கருப்பு மலம், ரத்த வாந்தி, 24 மணி நேரமாகத் தண்ணீர்கூட நிற்காமை. பைபாஸ் செய்தவர்களுக்கு வருடங்கள் கழித்தும் விட்டுவிட்டு முறுக்கும் கடும் வயிற்றுவலி வந்தால் உள்ளே குடல் ஒரு இடுக்கில் மாட்டியிருக்கலாம். வாயுத் தொல்லை என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருக்கவேண்டாம்.

இன்னொன்றை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். பல நாள் வாந்தி எடுத்தால் வைட்டமின் பி1, அதாவது தயமின், சட்டென்று தீர்ந்துபோகும். கண் இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், பேச்சில் குழப்பம் இதன் அடையாளம். அறுவை செய்த இடம் தொலைவு என்பதால் பக்கத்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றப் போவீர்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மோசமாகும். எந்த அறுவை, எந்தத் தேதி என்பதைச் சட்டைப்பையில் வைக்கும் அட்டையில் எழுதி வையுங்கள். "இவருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது, குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் ஊசி" என்ற வரியும் அதில் இருக்கட்டும். டிரிப் பாட்டில் தொங்கும் முன்பே அந்த அட்டையை டூட்டி டாக்டர் கையில் கொடுங்கள்.